புத்தகத்தை மூடியபின் என்ன மிஞ்சுகிறது?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. பதினெட்டு ஆண்டுகளாக அதே மேசை, அதே சிவப்புப் பேனா. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே மூத்தவர் ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லித்தந்தார். ஒரு பக்கத்தைப் படித்த ஆளே உடனே அதை மறுபடி படித்தால் பிழை அகப்படாது. இரண்டாவது முறை கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்ததை நிரப்பிக்கொண்டு வழுக்கிப் போய்விடும். அதனால் இரண்டாம் மெய்ப்பை வேறொருவரிடம் கொடுப்போம். ஆள் இல்லாத நாளில் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிப்போம்.

இதற்கும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் தொடர்பு உண்டு என்பது 2024 டிசம்பரில்தான் எனக்குப் புரிந்தது.

அக்கா வீடு எங்களுக்கு அடுத்த தெரு. அவள் மகளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் 75-க்கு 34 வாங்கியிருந்தாள். கணக்கும் சமூக அறிவியலும் அதே கதைதான். அக்கா விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "படிக்காத பிள்ளை என்றால் திட்டலாம். இவள் காலையில் நாலரைக்கு எழுந்திருக்கிறாள், ராத்திரி பத்து வரை புத்தகத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. இவளை என்னவென்று திட்டுவது?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குள் தைத்தது. உழைக்காத பிள்ளைக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. உழைத்தும் மதிப்பெண் வராத பிள்ளைக்கு, "இன்னும் நன்றாகப் படி" என்பதைத் தவிர யாரும் எதையும் சொல்வதில்லை.

அன்று மாலை போய் அவள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அறிவியல் புத்தகத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என மூன்று நிறங்களில் கோடு. சில பக்கங்களில் கோடு போடாத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது. மனித இதயம் பற்றிய பகுதியை முணுமுணுத்தபடி மூன்று முறை படித்தாள். "இந்தப் பாடத்தில் எங்கே கேட்டாலும் தெரியும், சித்தி" என்றாள். பொய் சொல்லும் பிள்ளை இல்லை. தெரியும் என்று உண்மையாகவே நம்பினாள்.

புத்தகத்தை வாங்கி மூடினேன். நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தைக் கொடுத்து, "உடம்பிலிருந்து வரும் இரத்தம் இதயத்துக்குள் நுழைந்து, மறுபடி உடம்புக்குப் போவது வரை வரிசையாக எழுது" என்றேன்.

பெருஞ்சிரை என்று எழுதினாள். வலது ஆரிக்கிள். அப்புறம் வால்வு. மூவிதழா, ஈரிதழா? பேனா நின்றது. ஏதோ ஒன்றை எழுதிவிட்டு வலது வென்ட்ரிக்கிளுக்கு வந்தாள். அங்கிருந்து நுரையீரல் தமனி. "அதில் ஓடுவது எந்த இரத்தம்?" என்று கேட்டேன். "ஆக்ஸிஜன் உள்ள இரத்தம். தமனி என்றாலே சுத்த இரத்தம்தானே" என்றாள். அதே பக்கத்தில், அவளே பச்சை நிறத்தில் கோடு போட்டிருந்த வரி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. மற்றத் தமனிகளில் ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம் ஓடும். நுரையீரல் தமனி மட்டும் ஆக்ஸிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகும். அந்த வரியை அவள் பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை படித்திருந்தாள்.

தாளைப் பார்த்து அவள் கண் கலங்கியது. எனக்கோ அச்சகத்து மேசைதான் நினைவுக்கு வந்தது. அவள் செய்துகொண்டிருந்தது, தான் படித்த மெய்ப்பையே திரும்பத் திரும்பத் தானே படிப்பது. ஒவ்வொரு முறையும் வரிகள் இன்னும் பழகுகின்றன. பழகிய முகம் போல, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. ஆனால் பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்வது வேறு. தேர்வு அறையில் பாடப்புத்தகம் இருக்காது. இரண்டாவதுதான் அங்கே வேண்டியது. பாப்பாவின் ஆறு மணி நேரப் படிப்பும் முதலாவதற்கே போய்க்கொண்டிருந்தது.

இது ஒரு வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு சாராரை அதையே மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதிப் பழகியவர்களிடம் 56 விழுக்காடு மிஞ்சியிருந்தது. இருமுறை படித்தவர்களிடம் 42. பாப்பா ஏன் ஏமாந்தாள் என்பதற்கு அந்த முதல் ஐந்து நிமிடமே விடை. படித்த சூட்டில் எல்லாம் தெரிவது போலவே இருக்கும். பொதுத்தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே.

2013-இல் டன்லோஸ்கி என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் மாணவர்கள் கையாளும் பத்து வழிகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். கோடு போடுவது, திரும்பப் படிப்பது இரண்டும் குறைந்த பயன் உள்ளவை என்ற பட்டியலில் சேர்ந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, நாள் இடைவெளி விட்டுப் படிப்பது இரண்டும் மேலே வந்தன. நம் பிள்ளைகள் கைப்பொருளாக வைத்திருப்பதோ கோடு போடும் பேனாதான்.

இதை எழுதும்போது நம்மிடம் இருந்த ஒரு சொல் நினைவுக்கு வருகிறது: ஒப்பித்தல். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளை, சட்டாம்பிள்ளை முன்னால் நின்று சுவடியைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் திரும்பப் போய்ப் படித்துவிட்டு வந்து மறுபடி சொல்ல வேண்டும். எண்சுவடியும் நீதிநூல்களும் அப்படித்தான் பிள்ளைகள் மனதில் ஏறின. பொருள் தெரியாமல் உருப்போடுவதைப் பிற்காலத்தில் கண்டித்தார்கள், கண்டித்தது சரிதான். ஆனால் உருப்போடுவதை விலக்கும் வேகத்தில் ஒப்பிப்பதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம். பொருள் புரிந்த ஒன்றைப் புத்தகம் இல்லாமல் தன் சொல்லில் எடுத்துச் சொல்வது மனப்பாடம் ஆகாது. புரிந்ததா இல்லையா என்பதே அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

அதனால் ஜனவரி முதல் வாரத்தில் பாப்பாவின் படிப்பு முறையை மாற்றினோம். ஒரு பகுதியை நிதானமாக, புரியும்படி ஒருமுறை படிக்க வேண்டும். புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். புரியாததை எத்தனை முறை எழுதினாலும் வீண். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் கொட்ட வேண்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிசகியதையும் சிவப்புப் பேனாவால் எழுத வேண்டும். அந்தச் சிவப்பு எழுத்துகள்தான் அடுத்த முறைக்கான பாடம். மற்றதை மறுபடி படிக்கத் தேவையில்லை.

முதல் வாரம் அழுதாள். மூடிய புத்தகத்துக்கு முன்னால் உட்காருவது வலிக்கும் வேலை. ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும், கடைசியில் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். "முன்னால் ஒரு நாளைக்கு ஒரு பாடம் முடித்தேன். இப்போது எதுவும் தெரியாத மாதிரி இருக்கிறது, சித்தி" என்றாள். இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கோடு போட்டுப் படிக்கும்போது கிடைக்கும் நிம்மதி இதில் கிடைக்காது. அவளுக்குச் சொன்னேன்: "தேர்வு அறையில் தெரியவேண்டிய ஓட்டை இன்றைக்கே தெரிகிறது. அடைக்க மூன்று மாதம் இருக்கிறது."

அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வெட்டும்போது ஓரத்தில் நீளமான அட்டைத் துண்டுகள் விழும். பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி. பின்பக்கம் விடை எழுதக் கூடாது, பாடப்புத்தகத்தின் பக்க எண் மட்டும். விடை அங்கேயே இருந்தால் கை தானாகப் புரட்டிப் பார்த்துவிடும். பக்கம் தேடிப் போகவேண்டும் என்றால் மனம் இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கும். இனிப்புக் கடைப் பெட்டி ஒன்றை அட்டையால் நான்காகத் தடுத்தோம். முதல் அறையில் இருப்பதைத் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு நகரும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். இந்தப் பெட்டி முறையை 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பரவலாக்கினார். அதற்கு அடிப்படையான உண்மையை 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவிப்போனது. பொருள் புரிந்த பாடம் அவ்வளவு வேகமாகப் போகாது. ஆனாலும் போகும். போகப்போகிற நேரத்தில் ஒருமுறை பிடித்து இழுத்தால் அடுத்த தடவை மெதுவாகப் போகும், அவ்வளவுதான் சங்கதி.

நுரையீரல் தமனி அட்டை ஆறு முறை முதல் அறைக்குத் திரும்பி வந்தது. எண்ணி வைத்திருந்தாள்.

கணக்கில் நடந்தது வேறு. அங்கே அவள் மூடிய புத்தகத்தோடுதான் போட்டுப் பார்த்தாள், பயிற்சிகளெல்லாம் சரியாகவே வந்தன. ஆனாலும் தேர்வில் சறுக்கினாள். காரணம் பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அளவியல் பாடத்தில் முதல் பயிற்சி முழுக்கப் புறப்பரப்பு, இரண்டாவது முழுக்கக் கன அளவு. பயிற்சியைத் திறந்ததுமே எந்தச் சூத்திரம் என்பதைப் பக்கத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. பிள்ளை எண்களைப் பொருத்துவதில் மட்டும் தேர்ச்சி பெறுகிறது. வினாத்தாளில் தலைப்பு கிடையாது.

ஒரு நாள் நானே ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். மேல்பக்கம் திறந்த வாளி, கூம்பின் இடைக்கண்ட வடிவம், அதாவது நுனியை வெட்டி எடுத்த கூம்பு. செய்யத் தேவையான தகரத்துக்கு என்ன செலவு? அவள் உடனே கன அளவைக் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். வாளி என்றதும் தண்ணீர் நினைவுக்கு வந்திருக்கிறது. "கொல்லையில் இருக்கிற வாளியை எடுத்து வா" என்றேன். கொண்டுவந்தாள். "தகரம் எங்கெங்கே இருக்கிறது, தடவிக் காட்டு." பக்கத்தைச் சுற்றித் தடவினாள், அடியைத் தட்டினாள். மேலே கையை வைத்தாள்; கை உள்ளே போய்விட்டது. சிரித்துவிட்டாள். வளைபரப்போடு அடிவட்டத்தின் பரப்பை மட்டும் கூட்ட வேண்டும், மேல்வட்டத்தைச் சேர்க்கக் கூடாது என்பது அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. சாயுயரம் கேட்காமலே கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு எட்டுப் பாடங்களிலிருந்தும் கணக்குகளைத் துண்டுத் தாள்களில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். கையில் வந்ததைப் போட வேண்டும். ஒன்று முக்கோணவியலாக இருக்கும், அடுத்தது கூட்டுத் தொடர், அதற்கடுத்தது நிகழ்தகவு. முதலில் பாதிக்கு மேல் தவறாகவே வந்தது. ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையும் திடப்பொருள்களின் கன அளவைப் பற்றியதுதான். ஒரே வகைக் கணக்கை அடுக்கிப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 63, அடுக்கிப் போட்டவர்கள் வெறும் 20. இந்த எண்களைப் பாப்பாவுக்குக் காட்டினேன். டப்பாவின் மூடியில் 63 என்று பேனாவால் எழுதி வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள் வந்தன. அப்போது நேரத்தைக் கணக்கிட்டோம். கணக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. எழுதுவதற்கு மூன்று மணி நேரம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஒன்பது நிமிடம் வீதம் ஒன்றரை மணி நேரம். எட்டு மதிப்பெண் வினாக்களான வடிவியலும் வரைபடமும் சேர்ந்து அரை மணி. இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு மும்மூன்று நிமிடம் என்று அரை மணி. ஒரு மதிப்பெண்ணுக்குக் கால் மணி. சரிபார்க்கக் கால் மணி மிச்சம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் காலை பத்தேகாலுக்கு உட்கார்ந்து ஒன்றேகாலுக்கு எழுந்தாள், பொதுத்தேர்வின் அதே நேரத்துக்கு. வீட்டில் டிவி ஓடாது, யாரும் கூப்பிடமாட்டார்கள். வினாத்தாளைப் படித்துப் பார்க்கத் தரும் முதல் பத்து நிமிடத்தையும் பழக்கினோம். இரண்டு, ஐந்து மதிப்பெண் பகுதிகள் ஒவ்வொன்றிலும் தரும் 14 வினாவில் எந்தப் பத்தை எழுதுவது என்று முடிவு செய்ய அதுதான் நேரம். அந்தப் பதினான்கில் கட்டாய வினா ஒன்று இருப்பதை மறந்து மதிப்பெண் இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

திருத்திய தாள்களிலிருந்து ஒரு தவறு நோட்டு உருவானது. என்ன பிசகு, ஏன் பிசகியது என்று இரண்டே நெடுவரிசை. "கவனக்குறைவு" என்று எழுத அனுமதிக்கவில்லை. அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. "கழித்தல் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுவரவில்லை" என்று எழுத வேண்டும். அதே குறி பதினோரு இடத்தில் காணாமல் போயிருந்தது மூன்று வாரத்தில் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு வரி முடிவிலும் குறியைத் தொட்டுப் பார்க்கப் பழகினாள்.

தூக்கத்தைப் பற்றி அக்காவோடு வாதாட வேண்டியிருந்தது. விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்பது எங்கள் அம்மா காலத்து நம்பிக்கை. ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கிற பிள்ளைக்கு அது பொருந்தலாம். பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிற பிள்ளை படித்ததைத்தான் தொலைக்கிறது. பகலில் படித்தது தூக்கத்தில்தான் நிலைபெறுகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைப்பது என்று உடன்பாடு ஆயிற்று. செல்போன் அக்காவின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்.

2025 பொதுத்தேர்வு மார்ச் 28-இல் தொடங்கி ஏப்ரல் 15-இல் முடிந்தது. முதன்மைப் பாடங்களுக்கிடையே மூன்று, நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. அந்த இடைவெளியை நம்பி ஒரு பாடத்தையே தள்ளிவைக்கும் பிள்ளைகள் உண்டு, முக்கியமாகச் சமூக அறிவியலை. கடைசித் தேர்வுதானே என்று தோன்றும். நான்கு தேர்வு எழுதிக் களைத்த கைக்கு மூன்று நாளில் ஒரு முழுப் புத்தகம் ஏறாது. பாப்பாவின் பெட்டியில் சமூக அறிவியல் அட்டைகள் ஜனவரியிலிருந்தே சுற்றிக்கொண்டிருந்ததால், அந்த மூன்று நாளை நிலப்படத்துக்கும் காலக்கோட்டுக்கும் கொடுக்க முடிந்தது.

மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதில்லை, அது அவளுடையது. நான் எழுத விரும்பியது அக்காவைப் பற்றி. அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். "எனக்கு என்ன தெரியும், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றுதான் முதலில் சொன்னாள். அட்டையில் இருப்பதைப் படித்துக் கேட்க எட்டாம் வகுப்பு போதும் என்று பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். தயக்கத்தோடுதான் தொடங்கினாள். சில நாளில் அடுப்படியில் பெட்டிக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது.

மார்ச் நடுவில் ஒரு மாலை போயிருந்தேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா சுவரில் சாய்ந்து நின்று இதயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தடங்கலே இல்லை. வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல். "அங்கேயிருந்து நுரையீரல் சிரை வழியாக ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம் இடது ஆரிக்கிளுக்கு..."

அக்காவின் கத்தி நின்றது. "இரு. சிரை என்றால் கெட்ட இரத்தம் என்று நேற்றுச் சொன்னாயே. இன்றைக்கு இந்தச் சிரையில் நல்ல இரத்தம் ஓடுகிறது என்கிறாய். எதை நம்புவது?"

பாப்பா வாயைத் திறந்து மூடினாள். புத்தகம் அலமாரியில் இருந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, முறத்திலிருந்து நான்கு அவரைக்காயை எடுத்துக் கட்டமாக வைத்தாள். "சிரை என்றால் கெட்ட இரத்தம் என்று நான் சொன்னதே தப்பு, அம்மா. இதயத்துக்கு உள்ளே வருகிற வழியெல்லாம் சிரை. வெளியே போகிற வழியெல்லாம் தமனி. இரத்தம் எது என்பது, எங்கேயிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இங்கே பார்" என்று விரலால் வழியைக் கோடு இழுத்துக் காட்டத் தொடங்கினாள்.